ஏஜென்ட் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

ஆலைகளில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் ஆய்வாளர் நான். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்று சிக்கி நிற்கிறதா என்று ஒலி அலையை விட்டும் எக்ஸ்ரே படம் எடுத்தும் பார்த்துச் சொல்ல வேண்டும். நிரந்தர வேலை கிடையாது. ஓர் ஆலையைப் பராமரிப்புக்காக முப்பது நாளோ அறுபது நாளோ நிறுத்துவார்கள். ஷட்டவுன் என்போம். அந்த நாட்களுக்கு மட்டும் எங்களை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். முடிந்ததும் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுவேன். அடுத்த அழைப்பு இரண்டு வாரத்திலும் வரும், நான்கு மாதத்திலும் வரும். அழைப்பவர்கள் அநேகமாக ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்கள்.

அந்த வருடம் நான் வேலைக்குப் போகாத காலம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. நாற்பத்தைந்து வயதில் புரையா என்று டாக்டரே இரண்டு முறை பார்த்தார். அறுவை சிகிச்சை முடிந்து, பார்வை நன்றாகத் திரும்பி, எங்கள் தொழிலில் வருடா வருடம் செய்துகொள்ள வேண்டிய கண் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். ஆனாலும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டியவனுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றால் எவன் வேலை கொடுப்பான் என்ற பயம். மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக அது இருந்தது.

அப்போதுதான் ஓமனிலிருந்து ஒரு மலையாளி இன்ஜினியர் அழைத்தார். நான்கு வருடத்துக்கு முன் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். தன் ஆலையில் நாற்பத்தைந்து நாள் ஷட்டவுன் வருகிறது, ஆறு ஆய்வாளர்கள் வேண்டும், ஏஜென்ட் வழியாகப் போகாமல் தெரிந்தவர்களையே நேராக எடுத்துக்கொள்ள மேலிடத்தில் கேட்டிருக்கிறேன் என்றார். "உன் காயல்பட்டினத்து ஆளையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

காயல்பட்டினத்து ஆள் என்று அவர் சொன்னது என் காக்காவை. காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஓமனில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் தம்பிகள் ஊரிலிருந்து போனில் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. என்னைப் போலவே ஆய்வாளர். செய்தியைச் சொன்னதும் மறுநாளே பாஸ்போர்ட் நகலை அனுப்பினார். கத்தாரில் ஒரு வேலைக்கு வேறு ஏஜென்ட் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓமன் உறுதி என்று நம்பி, கத்தாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், மும்பையிலிருந்து ஓர் அழைப்பு. சென்னைத் தமிழ் பேசும் பையன். குரலில் அவ்வளவு மரியாதை. சவூதியில் ஒரு பெரிய வேலை, என் விவரம் பார்த்தேன், ரொம்பப் பொருத்தம் என்றான். நான் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த மனைவி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கப்பலில் வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்தில் தாள் வேலை முடித்து வெளியே எடுத்துக் கொடுக்கும் இடம்.

முதலில் சான்றிதழ்கள், அனுபவம் எல்லாம் கேட்டான். சொன்னேன். பிறகு, வேறு எங்கேயாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்றான். ஒரே கம்பெனிக்கு உங்கள் பெயர் இரண்டு தடவை போய்விட்டால் உங்களுக்குத்தான் சிக்கல், அதனால் கேட்கிறேன் என்று காரணமும் அவனே சொன்னான். நியாயமாகப் பட்டது. ஓமன் என்றேன். எந்த ஆலை என்றான். சொன்னேன். அங்கே யார் ஆள் எடுக்கிறார்கள் என்றான். இன்ஜினியர் பெயரைச் சொன்னேன். அவருக்கு என்னைப் பத்து வருடமாகத் தெரியும், நேராக அழைத்தார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான்கு வருடப் பழக்கத்தைப் பத்து வருடம் ஆக்கினேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. எத்தனை பேர், எப்போது தொடக்கம், என்ன சம்பளம் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் படிபோல வந்தது. கடைசியில், உங்களைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் நம்பர் வேண்டும் என்றான். இன்ஜினியர் நம்பரையும் காக்கா நம்பரையும் கொடுத்தேன். போனை வைத்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

மனைவி தம்ளரைக் கழுவ எழுந்தவள், "சவூதில எங்கனயாம்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

"நீங்க அவ்வளவும் சொல்லிட்டீங்க. அவரு ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். பிறகு தன் அலுவலகத்துக் கதையைச் சொன்னாள். யாராவது போனில் அழைத்து, அந்த முந்திரிக் கண்டெய்னர் யாருடையது, எந்த நாட்டிலிருந்து யார் அனுப்பினார்கள் என்று சாதாரணமாகக் கேட்பார்களாம். இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். சரக்குக்காரப் பார்ட்டியின் பெயர் வெளியே போனால் அடுத்த கப்பலுக்கு அந்தப் பார்ட்டி நம்மிடம் இருக்க மாட்டார் என்றாள். இது வேறு, அது வேறு என்று நான் டீயைக் குடித்தேன்.

ஐந்தாம் நாள் இன்ஜினியர் அழைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு மும்பை ஏஜென்சி நேராக அவருடைய மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது. உங்களுக்கு ஆறு ஆய்வாளர்கள் தேவை என்று அறிகிறோம், ஆறு பேர் தயார், நீங்கள் பேசியிருக்கும் சம்பளத்தைவிடக் குறைவாகவே வருவார்கள் என்று. தேதி, எண்ணிக்கை, அவர் பெயர் எல்லாம் அந்தக் கடிதத்தில் சரியாக இருந்திருக்கின்றன. இவ்வளவு எளிதாக ஆள் கிடைக்கும்போது நீ ஏன் உன் ஆட்களையே எடுக்க வேண்டும் என்று மேலிடம் அவரைக் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கமிஷன் வாங்குகிறாயா என்பதுதான் அது. வேலை ஏஜென்சிக்குப் போய்விட்டது. "நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடனே அந்தப் பையனை அழைத்தேன். எடுத்தான். அதே மரியாதை.

"சார், அந்த சவூதி ரிக்வயர்மென்ட் இப்போ ஹோல்ட்ல இருக்கு சார்."

ஓமனுக்கு எழுதியது நீங்கள்தானே என்றேன்.

"அது எங்க வேற டீம் சார். நான் கேண்டிடேட் சைட் மட்டும்தான் பாக்குறேன். உங்க ப்ரொஃபைல் எங்ககிட்ட ஆக்டிவா இருக்கு சார், கண்டிப்பா கூப்பிடுவேன்."

திட்டத் தோன்றியது. ஆனால் அவன் எதையும் என்னிடமிருந்து திருடவில்லை. கேட்டான், நான் கொடுத்தேன். சவூதியில் அப்படி ஒரு வேலை இருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.

காக்காவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினேன். முக்காணிப் பாலம் தாண்டி ஆறுமுகநேரி உப்பளங்கள் வரும்வரை, எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்தேன். வேலை ரத்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதுமே, ஏன் ரத்தானது என்று அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. காயல்பட்டினத்தில் இறங்கி நடக்கும்வரை அந்த எண்ணம் கூடவே வந்தது.

அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். உள்ளே பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. அவரே போய் இஞ்சி டீ எடுத்து வந்தார். நான் முழுவதையும் சொன்னேன். பையன் கேட்டது, நான் சொன்னது, பத்து வருடம் என்று அளந்தது, எல்லாவற்றையும்.

அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "என் நம்பரையும் கொடுத்தியோ?" என்றார்.

"கொடுத்தேன் காக்கா."

"அதான். அந்தப் பையன் என்னையக் கூப்புட்டான். நீ சொல்லித்தான் கூப்புடுதேன்னான். நீ சொன்னேன்னதும் நானும் நம்பிட்டேன். இன்னும் ஆளு தெரியுமான்னு கேட்டான். ரெண்டு பேரு நம்பரு நானும் கொடுத்தேன்."

அந்த ஆறு பேரில் அந்த இரண்டு பேரும் இருக்கக்கூடும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பின்னால் அது உண்மை என்று தெரிந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. வேலை என்று கூப்பிட்டார்கள், போனார்கள்.

"கத்தாரை விட்டுட்டேனே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. வழக்கமாகப் பகல் சாப்பாட்டுக்கு இருத்தாமல் அனுப்ப மாட்டார். அன்று பஸ்ஸுக்கு நேரமாச்சே என்றார். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஒன்றரை மாதம் அவரிடமிருந்து அழைப்பு இல்லை. நான் இரண்டு முறை அழைத்தபோது, தொழுகைக்குப் போகிறேன் என்று ஒருமுறையும், வெளியே இருக்கிறேன் என்று ஒருமுறையும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஏஜென்ட்களிடம் கல்லாகிவிட்டேன். கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்றால், எதற்குக் கேட்கிறீர்கள் என்பேன். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றால், அது உங்களுக்குத் தேவையில்லை என்பேன். மூன்று நான்கு பேர் அப்படியே நழுவினார்கள். இரண்டு இடத்தில் மட்டும் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. யாரையோ ஜெயித்துவிட்டது போல.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். நிதானமாகப் பேசினார். எடுத்ததுமே குஜராத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலை, அறுபது நாள், இந்த மாதிரியான இணைப்புகள், இன்ன முறையில் சோதனை என்று வேலையைச் சொல்லிவிட்டார். பிறகு கேட்க ஆரம்பித்தார். உங்கள் விவரத்தில் ஐந்து மாதம் இடைவெளி இருக்கிறதே, ஏன் என்றார். சொந்த விஷயம் என்றேன். கடைசி மூன்று வேலைகள் எந்த மாதிரி ஆலைகள் என்றார். அதெல்லாம் போனில் சொல்வதில்லை என்றேன். உங்களைத் தெரிந்தவர் யாராவது ஒருவர் என்றார். யாரும் இல்லை என்றேன்.

"சார், நீங்க எதுவுமே சொல்லலைன்னா உங்களைப் பத்தி நான் அங்க என்ன சொல்றது?" என்றார். குரலில் எரிச்சல் இல்லை. யோசித்துவிட்டு அழையுங்கள் என்று வைத்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. இவர்களும் தூண்டில்காரர்கள்தான், நான் மாட்டவில்லை என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "பார்ட்டி பேரை வெளிய சொல்ல மாட்டோம்னு சொன்னேன்லா. அதுக்காகச் சரக்கு என்னன்னு சொல்லாம கஸ்டம்ஸ்ல போயி நிக்க முடியுமா? முந்திரின்னா முந்திரின்னு எழுதணும். ஈரம் பட்டிருந்தா ஈரம் பட்டிருக்குன்னு எழுதணும். மறைச்சா பெட்டி அங்கனயே கிடக்கும்."

அவள் மீன் அலசிய தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள். "கண்ணு உங்க கண்ணுதான. அத எதுக்கு ஒளிக்கிய?"

மத்தியானம் படுத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டதையும் மும்பைப் பையன் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். பெண் கேட்டது முக்கால்வாசி என்னைப் பற்றியது. என் ஐந்து மாதம், நான் வேலை பார்த்த ஆலைகள். பையன் கேட்டதில் என்னைப் பற்றியது முதல் இரண்டு நிமிடம்தான். மீதி ஒன்பது நிமிடமும் இன்ஜினியரைப் பற்றியும் அந்த ஆலையைப் பற்றியும் காக்காவைப் பற்றியும். என்னுடையது இல்லாத ஒன்றை நான் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதை, சொல்ல வேண்டிய இடத்தில், பூட்டி வைத்திருக்கிறேன். இது தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணை அழைத்தேன். நேற்று சரியாகப் பேசவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். பிறகு கண்ணைப் பற்றிச் சொன்னேன். வலது கண்ணில் புரை, அறுவை சிகிச்சை, ஓய்வு, ஐந்து மாதம் அதனால்தான், இந்த வருடக் கண் பரிசோதனையில் தேறியிருக்கிறேன், சான்றிதழ் இப்போதே அனுப்புகிறேன். நான்கே வாக்கியம். அதற்குமேல் விளக்கவில்லை.

"அப்படியா சார்" என்றார். "எங்கப்பாவுக்கும் போன மாசம்தான் பண்ணோம். சர்டிபிகேட் இருக்குல்ல, பிரச்சினை இல்ல." ஐந்து மாதம் நான் பொத்தி வைத்திருந்தது அந்த ஒரு வரியில் முடிந்தது.

அடுத்து அவரும் அதைக் கேட்டார். வேறு எங்கேயாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா. முந்தின நாள் யோசித்து வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு இடத்துல பேசுதேன் மேடம். பேரு சொல்ல மாட்டேன், அது அவங்க விஷயம். நீங்க எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போறீங்கன்னு சொல்லுங்க, அங்க என் பேரு ஏற்கனவே போயிருக்கா இல்லியான்னு நான் சொல்லுதேன்."

அவர் கம்பெனி பெயரைச் சொன்னார். அங்கே போகவில்லை என்றேன். எனக்குத் தெரியாமல் என் விவரத்தை வேறு எங்கும் அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அனுப்ப மாட்டேன் என்று மின்னஞ்சலிலேயே எழுதினார். விசாரிக்க ஆள் நம்பர் கேட்டபோது, கம்பெனி என்னை நேர்காணலுக்குக் கூப்பிடட்டும், நான் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். சம்பளம் கேட்டபோது, போன தடவை என்ன வாங்கினேன் என்று சொல்லாமல், இந்த வேலைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று சொன்னேன். அதற்கு மட்டும் கொஞ்சம் இழுத்தார். நானும் கொஞ்சம் இறங்கினேன். எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிடம்.

பேச்சு முடியும்போது, உங்களைப் போல இன்னும் யாராவது தெரியுமா சார் என்றார். எனக்கு உடனே ஒரு முகம்தான் வந்தது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் காக்காவை அழைத்தேன். வெளியே இருக்கிறேன் என்று சொல்வதற்குள், ஒரு நிமிடம்தான் காக்கா என்று ஆரம்பித்தேன். குஜராத் வேலையைச் சொன்னேன். கம்பெனி பெயர், நாட்கள், அந்தப் பெண் எப்படிப் பேசினார் என்பதையும் சொன்னேன். உங்கள் நம்பரை நான் இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தார் போல, ஆட்டோ ஹாரன் கேட்டது.

"என் நம்பரு வேணாம்" என்றார். "அவ நம்பரை எனக்கு அனுப்பு. நானே பேசிக்கிடுதேன்."

அனுப்பினேன். அவர் பேசியும் இருக்கிறார். ஆனால் அவருடைய ஒரு சான்றிதழின் காலம் முடிந்து போயிருந்தது. புதுப்பிக்கத் தேர்வு எழுத வேண்டும், அதற்குள் வேலை தொடங்கிவிடும். நான் மட்டும் போனேன். போவதற்கு முன் காயல்பட்டினம் போனேன். தேர்வுக்குப் படிக்க என்னிடமிருந்த புத்தகங்களையும் பழைய கேள்வித்தாள்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிட்டோம். ஓமனைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஓமன் இன்ஜினியருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். மும்பை ஏஜென்சிக்கு உங்கள் பெயரைச் சொன்னது நான்தான், உங்களைக் கேட்காமல் சொன்னது தவறு, உங்களுக்கு வந்த கெட்ட பெயருக்கு நான்தான் பொறுப்பு என்று நேராக எழுதினேன். அவர் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினேன். அதற்கு மட்டும் வாழ்த்துத் திருப்பி வந்தது. அந்த ஆலைக்கு நான் மறுபடி போகவில்லை. போவேன் என்றும் தோன்றவில்லை.

குஜராத்தில் முதல் வாரம் இரவும் பகலும் வேலை. மூன்றாம் நாள் ஒரு வளைவுக் குழாயின் எக்ஸ்ரே படத்தில், மற்ற இரண்டு பேர் சரி என்று தள்ளியதில், மெல்லிய கோடு ஒன்றைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். விரிசல்தான். அந்த இணைப்பை வெட்டி மறுபடி வெல்டிங் செய்தார்கள். அன்று வீட்டுக்கு அழைத்து மனைவியிடம் சொன்னேன். அவள் மரக்கட்டை ஏற்றிய கப்பல் ஒன்று வந்திருப்பதாகவும், அலுவலகத்தில் தலை நிமிர நேரமில்லை என்றும் சொன்னாள்.

காக்கா தேர்வு எழுதித் தேறினார். அடுத்து என்ன செய்கிறார் என்று அவர் சொல்லவில்லை. பெருநாள் கழித்து ஒருநாள் காலை, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"தம்பி, கத்தார்ல சேந்துட்டேன். நேத்தே டூட்டி" என்றார்.

நல்லது காக்கா என்றேன். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். தெற்கத்திச் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், மீன் குழம்பு நன்றாக வைக்கிறார் என்றார். எந்த ஆலை, யார் எடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.